பித்தளைக் கூடு துலக்க எந்த மீடியா? 2 மி.மீ. துளையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதற்கு முன் துலக்குவது பளபளப்புக்காக அல்ல. மணலும் கரியும் ஒட்டிய கூட்டை, அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான சைஸிங் டைக்குள் அழுத்தினால் ஒரு மணல்துகள் போதும், டையின் உட்சுவரில் கீறல் விழுந்துவிடும். பிறகு அந்த டைக்குள் போகும் ஒவ்வொரு கூட்டிலும் அதே கோடு நீளவாக்கில் விழுந்துகொண்டே இருக்கும். அழுக்குப் படிந்த கூட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணுக்குப் படாது என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டும் தீர்ந்தால் துலக்கிய வேலை முடிந்தது. நிறம் மங்கிய, ஆனால் சுத்தமான கூடும் கண்ணாடிபோல் மின்னும் கூடும் ஒரே மாதிரிதான் சுடும்.

டம்ளர் என்று இங்கே சொல்வது தண்ணீர் குடிக்கும் டம்ளரை அல்ல. கூடுகளையும் தேய்பொருளையும் ஒன்றாகப் போட்டு அதிரவைக்கும் அல்லது உருட்டும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர். அந்தத் தேய்பொருள்தான் மீடியா. தோட்டாவை மறுநிரப்பப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே உங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளைதான் அளவுகோல்

கடையில் பெயர், படம், பொட்டலம் எல்லாவற்றையும் பார்ப்பதற்கு முன் ஒரு எண்ணைப் பாருங்கள். கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் ப்ரைமர். ப்ரைமரின் தீ வெடிமருந்துக்குப் போகும் துளை, அதாவது ஃப்ளாஷ் ஹோல், நடுவில் ஒரே துளை உள்ள வழக்கமான பாக்ஸர் வகைக் கூடுகளில் சுமார் 2 மி.மீ. (0.080 அங்குலம்). துலக்கிய பிறகு இந்தத் துளையில் மீடியா சிக்கி நின்றால் தீ சரியாகப் பாயாது. தோட்டா வெடிக்காமல் போகலாம், அல்லது தாமதித்து வெடிக்கலாம். பின்னது முன்னதைவிட மோசம்.

அரைத்த மீடியாவின் பருமனை மெஷ் எண்ணில் சொல்வார்கள். 20/40 என்றால் 20-ஆம் எண் சல்லடையில் விழுந்து, 40-ஆம் எண் சல்லடையில் தங்கிய துகள். அதாவது பெரியது 0.84 மி.மீ., சிறியது 0.42 மி.மீ. 14/20 என்றால் 1.41 முதல் 0.84 மி.மீ. வரை. 12/20-இல் பெரிய துகள் 1.68 மி.மீ. எண் பெருகினால் துகள் சிறுக்கும். புதிதாக வாங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது கணக்கு எளிது. 20/40-இல் இரண்டு பெரிய துகள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் 1.68 மி.மீ.தான், 2 மி.மீ. துளையில் தாராளமாக விழுந்துவிடும். 14/20-இல் ஒரு துகள் தனியாக வந்தால் விழும், இரண்டு ஒன்றாக வந்தால் தோளோடு தோள் முட்டி இறுகும். அதிர்வு அதை இன்னும் இறுக்கும். தெரியாமல் 14/20 வாங்கிவிட்டால் வீணில்லை. ப்ரைமரைக் கழற்றாத கூடுகளுக்கு மட்டும் வையுங்கள். பிறகு டீகேப் செய்யும் ஊசி, அதாவது பழைய ப்ரைமரைத் தள்ளிக் கழற்றும் ஊசி, துளையில் இருப்பதையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

ஈர முறையில் மீடியாவாகப் போடும் குட்டைக் கம்பித் துண்டுகளான ஸ்டீல் பின்னுக்கு இதே கணக்கு தலைகீழாகத் திரும்பும். 0.041 அங்குலப் பின் இரண்டு சேர்ந்தால் 0.082, துளை 0.080. இரண்டும் நுழையப் பார்த்து நடுவழியில் கடித்துக்கொள்ளும், இடுக்கியால் இழுக்க வேண்டும். 0.047 அங்குலப் பின் (1.2 மி.மீ.) இரண்டு சேர்ந்தால் 0.094, இரண்டாவது பின்னுக்கு இடமே இல்லை என்பதால் சிக்கலும் இல்லை. துகள் என்றால் துளையின் பாதிக்கும் நன்றாகக் கீழே இருக்க வேண்டும். பின் என்றால் பாதிக்குத் தெளிவாக மேலே இருக்க வேண்டும். சரியாகப் பாதி அளவில் இருப்பதுதான் வம்பு.

எல்லாக் கூட்டுக்கும் 2 மி.மீ. துளை இருப்பதில்லை. துல்லியப் போட்டிக்கென்று வரும் சில கூடுகளில் 1.5 மி.மீ. அளவுக்கே துளை இருக்கும். அவற்றுக்குச் சாதாரண டீகேப் ஊசியே பெரிது. பெர்டான் வகைக் கூட்டில் நடுவில் துளை கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நுண்துளைகள் இருக்கும். வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பெர்டானை ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் டீகேப் ஊசி உடையும்.

வால்நட் ஓடா, சோளத்தக்கையா

உலர் மீடியாவில் நடைமுறையில் இந்த இரண்டுதான். அரைத்த வால்நட் ஓடு கடினமானது, துகளின் ஓரம் கூர்மையானது. கரி, பழைய கறை, மண் இவற்றை அது சுரண்டி எடுக்கும். எடுத்த பின் கூடு சுத்தமாக இருக்கும், ஆனால் சற்று மங்கலாக. மக்காச்சோளத் தக்கை மென்மையானது. எண்ணெயையும் லூபையும் (சைஸிங்குக்கு முன் கூட்டில் தடவும் வழுக்குப்பொருள்) உறிஞ்சும், மெருகு கொடுக்கும். கறை ஆழமாக இருந்தால் அதற்குப் பலம் போதாது.

தரையில் விழுந்து, மழையில் நனைந்து, கறுத்துப்போன கூடு கைக்கு வந்தால் முதலில் வால்நட். தானே சுட்டுத் தானே பொறுக்கிய கூடு என்றால் சோளத்தக்கை மட்டும் போதும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பவர்களும் உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கலவை கறுத்தால் மொத்தமாகத்தான் கொட்ட வேண்டியிருக்கும்.

ரீலோடிங் (மறுநிரப்பல்) என்று பெயர் போட்ட சிறு டப்பாவுக்கும் மணல்வீச்சுப் பட்டறைகளுக்குப் போகும் மூட்டைக்கும் பொருளில் வேறுபாடு அதிகம் கிடையாது. மூட்டையின் மேல் 20/40 என்று எழுதியிருந்தால் அதே சோளத்தக்கைதான், விலை மட்டும் குறைவு. பல்லி, ஓணான் வளர்ப்பவர்கள் கூண்டில் விரிக்கும் வால்நட் தூளும் இதேதான். ஆனால் அதில் துகள் பெரும்பாலும் தடிமனாக இருக்கும், மெஷ் எண்ணைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். எண் போடாத பொட்டலத்தில் ஒரு பிடி எடுத்து, ப்ரைமர் கழற்றிய ஒரு கூட்டுக்குள் கொட்டிக் குலுக்குங்கள். அடித்துளை வழியாக மணற்கடிகாரம்போல் நிற்காமல் ஒழுகினால் வாங்கலாம். இரண்டு முறை அடைத்து நின்றால் வேண்டாம்.

சிவப்பு நிற மெருகுப்பொடி கலந்து வரும் வால்நட் வேகமாகத்தான் துலக்கும். ஆனால் அந்தச் சிவப்பு விரலிலும் கூட்டுக்குள்ளும் டையிலும் ஒட்டும். கலக்காத மீடியாவை வாங்கி, மெருகு வேண்டுமென்றால் நீங்களே சேர்ப்பது மேல். ஆற்று மணல், உப்புத்தாள் பொடி போன்றவற்றைத் தொடவே வேண்டாம். அவை மென்மையான பித்தளையில் பதிந்துகொண்டு, அங்கிருந்து டைக்கும் துப்பாக்கியின் அறைக்கும் போகும்.

உலர் முறையில் ஓட்டுவது

முதல் வேலை தரம்பிரிப்பது. சுடாத தோட்டா ஒன்றுகூட டம்ளருக்குள் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் வாய் பார்த்துப் போடுங்கள். சுடாத ப்ரைமர் உள்ள வெறுங்கூடும் ஒதுக்கத்தான் வேண்டும். காந்தத்தைக் காட்டினால் இரும்புக் கூடு ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் எடையிலேயே தெரியும். அளவுவாரியாகப் பிரிக்காமல் போட்டால் 9 மி.மீ. கூடு .40 அங்குல ரகக் கூட்டுக்குள் புகும், .40 போய் .45-க்குள் புகும். நடுவில் மீடியா இறுகியபின் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு.

ப்ரைமரைக் கழற்றாமலே உலர் மீடியாவில் போடுங்கள். அதிர்வுக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீடியா, அதன்மேல் கூடுகள். கூடுகளைப் போட்ட பிறகும் விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. காலியாக இருக்கட்டும். அளவு சரியா என்று இயந்திரமே சொல்லும்: கூடுகள் ஓரத்தில் மூழ்கி நடுவில் எழுந்து சுழன்றுகொண்டே இருந்தால் சரி. ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் பாரம் அதிகம், ஒரு பங்கை வெளியே எடுங்கள்.

மெருகுக்குக் கார் மெழுகுத் திரவம் ஒன்றிரண்டு மூடி ஊற்றலாம். அதில் அமோனியா இருக்கக் கூடாது. கூடுகளைப் போடுவதற்கு முன்பே ஊற்றி, வெறும் மீடியாவைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். கூடுகளோடு சேர்த்து ஊற்றினால் மெழுகு உருண்டையாகத் திரண்டு, கூட்டின் உள்ளே அடியில் போய் ஒட்டும். கழுத்துச் சிறுத்த ரைஃபிள் கூட்டில் அந்த உருண்டை வெளியே வராது, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

நேரம்: சோளத்தக்கையில் ஒன்று முதல் மூன்று மணி. மோசமான கூடுகளுக்கு வால்நட்டில் நான்கு மணி வரை. மணிக்கு ஒருமுறை ஒன்றை எடுத்துத் துணியில் துடைத்துப் பாருங்கள். முடிந்ததும் சல்லடைக் கூடையில் சுற்றிப் பிரித்தெடுங்கள். ரைஃபிள் கூடுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டத்தான் வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

சைஸிங் முடிந்தபின் லூபைப் போக்க, சோளத்தக்கையில் மீண்டும் இருபது முப்பது நிமிடம் ஓட்டுவது வழக்கம். இந்த முறை ப்ரைமர் இல்லை, துளை திறந்திருக்கிறது. அதனால் இங்கே 20/40 மட்டும்தான். முடிந்ததும் கூடுகளைத் தட்டில் ப்ரைமர் குழி மேலாக அடுக்கி, ஒவ்வொரு துளையையும் பாருங்கள். நூறு கூட்டில் ஒன்றிரண்டில் துகள் நிற்கலாம். பல்குத்தும் குச்சியால் குத்தினால் விழும்.

தூசியில் இருப்பது ஈயம்

இதைச் சுருக்கிச் சொல்வதற்கில்லை. பெரும்பாலான ப்ரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அதன் எச்சம் கூட்டுக்குள் படியும், டம்ளரில் அது மீடியாவுக்கு வரும், மீடியா உராயும்போது தூசியாக எழும். கைக்கும் மூக்குக்கும் வருவது ஈயத்தூசி என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அதிலும் குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே அல்லது காற்றோட்டமான கொட்டகையில் ஓட்டுங்கள். சமையலறை கூடவே கூடாது. டிஷ்யூ தாளைக் கிழித்து நான்கைந்து துண்டு மீடியாவோடு போட்டால் தூசியை அவை இழுத்துக்கொள்ளும். ஓட்டம் முடியும்போது துண்டுகள் கறுத்திருப்பதைப் பார்த்தால் ஏன் போடச் சொல்கிறார்கள் என்பது புரியும். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. நிறுத்தியபின் பத்து நிமிடம் தூசி அடங்கவிட்டு மூடியைத் திறங்கள். பிரித்தெடுக்கும்போது நைட்ரைல் கையுறையும் தூசி முகமூடியும் போட்டிருங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில்தான் ஏறும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மீடியா சாம்பல் நிறமாகிக் கறுத்து, முன்பு இரண்டு மணியில் முடிந்த வேலைக்கு நான்கு மணி பிடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. மெழுகை ஊற்றி ஊற்றிப் பழையதைக் காப்பாற்றுவது கஞ்சத்தனம். தூசியில் ஈயம்தான் ஏறிக்கொண்டே போகும். பையில் கட்டி, ஆபத்தான கழிவுக்குரிய வழியில் அப்புறப்படுத்துங்கள். செடிக்கு எருவாகப் போடாதீர்கள்.

ஈர முறை: பின், தண்ணீர், சோப்பு

ஈர முறையில் தூசி கிடையாது. ப்ரைமர் குழியும் உட்புறமும்கூடப் புதிதுபோல் வரும். விலை என்னவென்றால் உலர்த்தும் வேலை. இதற்கு அதிர்வுக் கிண்ணம் உதவாது, உருளும் பீப்பாய் வேண்டும். இங்கே ப்ரைமரை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். அழுக்குக் கூட்டை சைஸிங் டைக்குள் விடக் கூடாது என்பதால், கூட்டின் சுவரைத் தொடாமல் ப்ரைமரை மட்டும் தள்ளும் யுனிவர்சல் டீகேப்பிங் டை ஒன்று தனியாக வேண்டும்.

சுமார் 7 கிலோ தாங்கும் பீப்பாய்க்குப் பழகிப்போன அளவு இது: ஸ்டீல் பின் 2.3 கிலோ, கூடு 900 கிராம், தண்ணீர் 3.8 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி. 9 மி.மீ. கூடு ஒன்று ஏறத்தாழ 4 கிராம், ரைஃபிள் ரகங்களில் .223 சுமார் 6 கிராம், .308 சுமார் 11 கிராம். ஆகவே 900 கிராம் என்பது முறையே 220, 150, 80 கூடுகள். மொத்தப் பாரம் பீப்பாயின் வரம்பைத் தாண்டினால் முதலில் போவது பெல்ட்.

புதுப் பின்னில் உற்பத்தி எண்ணெய் இருக்கும். கூடு போடாமல் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை ஓட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு பின்னுக்குத் தேய்மானம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, தொலைந்தால்தான் குறையும். மூடியை மாட்டும் முன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் வளையத்தின்கீழ் ஒரு பின் படுத்திருந்தாலும் தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர்.

கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு ஒரு மணி, ரைஃபிளுக்கு இரண்டு மணி, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் ஓட்டினால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு சுத்தியலால் தட்டியதுபோல் மழுங்கும். நகத்தை உள்பக்கமிருந்து வெளியே இழுத்தால் விளிம்பில் கொக்கிபோல் தட்டும். விளிம்பைச் சீவிச் சரிசெய்யும் சாம்ஃபர் கருவியால் ஒருமுறை சுற்றினால் சரியாகும், ஆனால் இருநூறு கூட்டுக்கும் சுற்ற வேண்டும். இது நடந்தால் நேரத்தைக் குறையுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள்.

இயந்திரம் நின்றவுடன் தண்ணீரைக் கொட்டுங்கள். இரவு முழுக்க அப்படியே விட்டால் மிதந்த கரி மறுபடி பித்தளையில் படியும். அமிலமும் தன் வேலையை நிறுத்தாது.

கூடு ரோஜா நிறத்தில் வெளியே வந்தால் அமிலம் அதிகமாகிவிட்டது. கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அமிலம் துத்தநாகத்தை முதலில் கரைக்கும். மேற்பரப்பில் மிஞ்சும் செம்புதான் அந்தச் சிவப்பு. மேலோட்டமான சாயல் என்றால் அடுத்த முறை அமிலத்தைக் குறைத்தால் போதும். ஆனால் பழைய கறை இருந்த இடத்தில் சிவந்த புள்ளியும் குழியும் தெரிந்தால் அந்தக் கூட்டை நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள்.

அமிலமாவது நிறத்தில் எச்சரிக்கும். அமோனியா சொல்லாமல் கொல்லும். வீட்டுப் பித்தளைச் சாமான் பாலிஷ்களில் பலவற்றில் அது உண்டு. பிரிட்டிஷ் படை இந்தியாவில் இருந்தபோது, மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிந்து வெடிப்பு கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளையில் தங்கியிருந்த அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். லேபிளில் அமோனியா என்ற சொல்லைக் கண்டால் பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அலசும்போது கூடுகளைத் தண்ணீருக்கு அடியிலேயே குலுக்குங்கள். காற்றில் குலுக்கினால் ஈரம் பின்களைச் சுவரோடு ஒட்டிவைக்கும். பிறகு காந்தம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னும் குளிர்நிலையில் இழுக்கப்பட்டதால் ஓரளவு காந்தத்தில் ஒட்டும், ஆனால் பலமான நியோடிமியம் காந்தமாக இருக்க வேண்டும். காய்ந்தபின் ஒவ்வொரு ரைஃபிள் கூட்டையும் காதருகே ஆட்டிப் பாருங்கள். கிணுங் என்று கேட்டால் உள்ளே ஒரு பின் இருக்கிறது. சத்தம் இல்லாமலே கழுத்தில் குறுக்காக மாட்டியிருக்கவும் கூடும், குறிப்பாக .223-இல். அதனால் வாய்க்குள் டார்ச் அடித்தும் பார்க்க வேண்டும்.

கரியெல்லாம் போன கழுத்தில் குண்டை அமர்த்தும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக உணர்வீர்கள். ரைஃபிள் கூட்டுக்குக் கழுத்தின் உட்புறம் கிராஃபைட் பொடியைப் பிரஷ்ஷால் ஒற்றினால் அந்தப் பிசுக்கு நீங்கும். உலர் மீடியாவில் துலக்கிய கூட்டில் மெல்லிய கரி தங்கிவிடுவதால் இந்தத் தொல்லை வருவதில்லை. அதற்காகவே உலர் முறையை விடாதவர்கள் உண்டு.

உலர்த்துவது

பழைய துண்டில் கொட்டி, இரு முனையையும் பிடித்து இங்கும் அங்கும் உருட்டினால் வெளி ஈரம் போய்விடும். உள் ஈரத்துக்கு நேரம் வேண்டும். வெயிலில் தட்டில் பரப்பலாம். உணவு உலர்த்தும் மின்கருவி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி 65 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி வைக்கலாம். ஓவனில் வைத்தால் 95 டிகிரியைத் தாண்டாதீர்கள், சமைக்கும் ஓவனில் வைக்கவே வைக்காதீர்கள். பித்தளை 250 டிகிரி அளவில் மென்மையாகத் தொடங்கும். வாய்ப்பகுதி மென்மையானால் பரவாயில்லை. அடிப்பகுதி மென்மையான கூடு அழுத்தம் தாங்காது, அதை மறுபடி கடினமாக்கவும் முடியாது. கேஸ் அடுப்பு, ஹீட் கன் எல்லாம் அதனால்தான் வேண்டாம்.

உப்புத் தண்ணீர் என்றால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் செய்தால் விழாது. ஈரம் கடைசிவரை ஒளிந்திருக்கும் இடம் ப்ரைமர் குழியின் மூலையும் ரைஃபிள் கூட்டின் அடியும்தான். ஒரு கூட்டை எடுத்து, டிஷ்யூ தாளை ஊசியாகத் திரித்துக் குழி மூலையில் அழுத்திப் பாருங்கள். தாளில் ஈரப்பொட்டு தெரிந்தால் அந்தத் தட்டு முழுவதும் இன்னும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். காய்ந்தவற்றை மூடிய டப்பாவில், எந்தத் தேதியில் துலக்கியது, எத்தனையாவது முறை என்று எழுதி வையுங்கள். பின்னைக் கழுவிய கறுப்புத் தண்ணீரிலும் ஈயம் உண்டு. அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.